குரங்குக்கு ரொட்டி, காகத்துக்குச் சோறு, பூனைக்குக் கீரை

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் காட்டை ஒட்டிய புளோக்கில் குடியிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குரங்கு, காகம், காட்டுப்பன்றி முதலியவை அனைத்துண்ணிகள் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்த உங்கள் மகன், எதையும் செரிக்கும் உடம்புக்கு ஒரு ரொட்டித் துண்டு போட்டால் என்ன கேடு என்று கேட்கிறான். அமாவாசைதோறும் உங்கள் மாமியார் காகத்துக்கு வைக்கும் சோறும் அதே கணக்கில் சேருமா என்பது உங்கள் ஐயம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்த பிறகு ஒரு பூனையை எடுத்து வளர்ப்பதால், சைவம் உண்ணும் உங்கள் வீட்டில் அதையும் சைவத்துக்குப் பழக்கிவிடலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கிறது. பலவகை உணவை உண்ணும் விலங்கு எதையும் உண்டு செரிக்கும் விலங்கு அன்று. ஒரே உணவை நம்பி வாழும் விலங்கைவிடக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கவும் கற்றுக்கொள்ளவும் வேண்டிய கட்டாயம் அதற்குத்தான் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் மகனுக்கும் விளங்கும் என்பதால் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

காட்டுப்பன்றியின் மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அதன் பல்வரிசையை முன்னிருந்து பின்னாக விரலால் தடவிப் பாருங்கள். கீழ்த்தாடையின் முன்பற்கள் முன்னோக்கி நீண்டு, மண்ணைக் கிளறவும் கிழங்கைப் பெயர்க்கவும் ஏற்றவையாக இருக்கும். அடுத்து வருபவை கோரைப்பற்கள். ஆண் பன்றிக்கு இவை வெளியே வளைந்து வளர்ந்து சண்டைக்கு உதவுகின்றன. நாம் கவனிக்க வேண்டியவை கடைவாய்ப் பற்கள். புலியின் கடைவாய்ப் பல்லில் இறைச்சியை வெட்டும் கூரிய விளிம்பு உண்டு. மாட்டின் பல்லில் புல்லை அரைக்கும் வரிவரியான மேடுகள் உண்டு. பன்றியின் பல்லிலோ தாழ்ந்து மழுங்கிய குமிழ்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். அவற்றைக் கொண்டு விதையை உடைக்கலாம், கிழங்கை அம்மியில் வைத்ததுபோல் நசுக்கலாம், நத்தையையும் மண்புழுவையும் மெல்லலாம். முற்றிய புல்லை நாள்முழுவதும் அரைத்துக்கொண்டிருக்க அந்தப் பல் உதவாது. கண்ணாடியில் பார்த்தால் நம்முடைய கடைவாய்ப் பற்களும் இதே வகையைச் சேர்ந்தவை என்பது தெரியும்.

குடலின் நீளத்திலும் இந்த இடைநிலையைக் காணலாம். உடலின் நீளத்தோடு ஒப்பிட்டால் பூனையின் குடல் ஏறத்தாழ 4 மடங்கு, பன்றியின் குடல் ஏறத்தாழ 14 மடங்கு, செம்மறியாட்டின் குடல் ஏறத்தாழ 25 மடங்கு. இறைச்சி எளிதில் செரிப்பதால் பூனைக்குக் குறுகிய குடல் போதும். நார் நிறைந்த இலையை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துச் சிதைக்க வேண்டியிருப்பதால் ஆட்டுக்கு நான்கறை வயிறும் நீண்ட குடலும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் பன்றிக்குப் பழம், கிழங்கு, விதை, பூச்சி, முட்டை ஆகியவை நன்கு செரிக்கும். ஆனால் ஆடு முற்றிய இலையிலிருந்து பெறும் சத்தை அதனால் பெற முடியாது. ஆகவே காட்டில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பச்சையாக இருந்தாலும், அனைத்துண்ணிக்கு அதில் உணவாவது ஒரு சிறு பகுதிதான்.

இதற்கு நேரெதிரான உயிர்கள் இரண்டு நம் தீவின் காடுகளிலேயே இருக்கின்றன. ஒன்று, எறும்பையும் கரையானையும் தவிர வேறெதையும் நாடாத அழுங்கு (பாங்கோலின்). மற்றொன்று, சிங்கப்பூரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1838ஆம் ஆண்டிலேயே அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட ராஃபிள்ஸ் இலைக்குரங்கு. இந்தக் கறுப்பு மந்தியின் வயிறு அறை அறையாகப் பிரிந்தது. இளந்தளிரும் பழுக்காத காயும் விதையும் அதில் புளித்துச் செரிக்கின்றன. சர்க்கரை மிகுந்த கனிகள் அளவுக்கு மீறி உள்ளே போனால் வயிற்றில் அமிலம் கூடி விலங்குக்கே ஆபத்தாகும். காடு துண்டு துண்டானபோது அதனால் தன் உணவை மாற்றிக்கொள்ள முடியவில்லை; இன்று இத்தீவில் எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு. அதே காட்டின் விளிம்பில் வாழும் நீள்வால் குரங்குகள் அதைவிடப் பன்மடங்கு அதிகம். உங்கள் சன்னலுக்கு வருவது ஏன் எப்போதும் நீள்வால் குரங்காகவே இருக்கிறது, ஏன் ஒருபோதும் இலைக்குரங்காக இருப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். மனிதரோடு ஒட்டி வாழும் காகம், மைனா, எலி, காட்டுப்பன்றி, மரநாய் என எதை எடுத்தாலும் உணவை மாற்றிக்கொள்ளும் இந்த இயல்பைக் காணலாம்.

மகனின் பாடத்துக்காக ஒரு குறிப்பையும் இங்கே சேர்க்கிறேன். விலங்கின் குலப்பெயரைக் கொண்டு அதன் உணவை முடிவுசெய்யக் கூடாது. ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த பாண்டா ஏறத்தாழ மூங்கிலை மட்டுமே உண்கிறது. 2012 முதல் நம் ரிவர் வொண்டர்ஸ் விலங்குத் தோட்டத்தில் இருக்கும் காய் காய், ஜியா ஜியா என்னும் பாண்டாக்கள் நாளின் பெரும்பகுதியை உண்பதிலேயே கழிப்பதற்குக் காரணம், அவற்றின் குறுங்குடல் மூங்கிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே செரிப்பதுதான். அதே வரிசையைச் சேர்ந்த மரநாய், சிக்லாப் வட்டாரத்துக் கூரைகளில் இரவில் நடமாடுவது, பழத்தையே பெரிதும் நம்பி வாழ்கிறது. மாம்பழம், சிக்கு (சப்போட்டா), ரம்புத்தான் ஆகியவற்றோடு, நம் தோலில் பட்டாலே அரிப்பை உண்டாக்கும் கூந்தல்பனை இனத்தின் பழங்களையும் அது விரும்பித் தின்று, விதைகளை முழுதாகவே கழிவில் வெளியேற்றிவிடுகிறது. இடையிடையே எலி, பூச்சி, பல்லியையும் பிடிக்கும். கால்வாய் ஓரத்து உடும்பு குப்பையைக் கிளறுவதைப் பார்த்து அதை அனைத்துண்ணி என்று பலர் எண்ணுகிறார்கள். அது தேடுவது மீன், முட்டை, அழுகிய இறைச்சி போன்றவற்றைத்தான், ஆகவே அது ஊனுண்ணியே. மறுபுறம், தாவர உண்ணிகளும் தேவை வந்தால் எல்லையைத் தாண்டும்: ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்கள் கடற்பறவைக் குஞ்சுகளைக் கடித்துத் தின்பது பதிவாகியிருக்கிறது, புல்லில் கிடைக்காத சுண்ணாம்புச் சத்துக்காகவே அவை அவ்வாறு செய்கின்றன என்று கருதப்படுகிறது.

இப்போது நீள்வால் குரங்கிடம் வருகிறேன், ஏனெனில் உங்கள் மகனின் கேள்வி அதைப் பற்றியது. புக்கிட் தீமாவில் பழுத்த ரம்புத்தான் மரத்தில் ஒரு குரங்கு உண்பதைப் பொறுமையாகப் பாருங்கள். அது கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வதில்லை. விரலால் அழுத்திப் பார்க்கும், மூக்கருகே கொண்டுபோகும், சில வேளைகளில் ஒரு கடியோடு எறிந்துவிடும். ஏற்றது என்று தெரிந்தால் தோலை முன்பல்லால் உரித்துப் பழத்தைக் கன்னத்தின் உட்பைக்குள் தள்ளும். இரண்டு கன்னமும் புடைத்த பிறகு, கூட்டத்தின் வலிய குரங்குகள் பறிக்க முடியாத ஒரு கிளைக்கு ஒதுங்கி, புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி, ஒவ்வொரு பழமாக வாய்க்குக் கொண்டுவந்து சதையை எடுத்துக்கொண்டு விதையைத் துப்பும். புக்கிட் தீமாவில் இதை ஆராய்ந்த ரிச்சர்ட் கார்லெட்டும் பீட்டர் லூகாசும் 1990ல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறத்தாழ 4 மில்லிமீட்டருக்கும் சிறிய விதைகளை மட்டுமே இக்குரங்குகள் விழுங்குகின்றன, பெரியவற்றைத் துப்பிவிடுகின்றன. துப்பப்படும் விதை தாய்மரத்திலிருந்து விலகி விழுவதால் காட்டுக்கு அது விதைப்பு வேலையாகிறது.

பழம் இல்லாத காலத்தில் அதே குரங்கு பூவையும் தளிரையும் பூச்சியையும் நாடுகிறது. சதுப்புநிலக் கரைகளில் நண்டைப் பிடித்துத் தின்கிறது. அந்தமான் கடலோரத் தீவுகளில் வாழும் இதே இனக் குரங்குகள் கல்லால் சிப்பியை உடைத்துத் தின்பதை ஓர் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1887லேயே எழுதி வெளியிட்டிருக்கிறார். தென்கிழக்காசிய மழைக்காடுகளில் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூத்துக் காய்க்கும், இடைப்பட்ட ஆண்டுகளில் பழம் அரிது. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு மரத்தில் பழுத்திருக்கும் அத்தியும், கைக்கு எட்டும் வேறு பல உணவுகளும் அந்த இடைவெளியைத் தாண்ட உதவுகின்றன. பலவகை உணவு உண்ணும் இயல்பு இத்தகைய காடுகளில் பெரும் பயனைத் தந்திருக்கிறது.

அந்தப் பயனோடு ஓர் இடரும் சேர்ந்தே வருகிறது. மூங்கிலை மட்டும் தின்னும் விலங்கு இன்று என்ன தின்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. அனைத்துண்ணிக்கோ முன்பின் பாராத ஒவ்வொரு காயும் பசியைத் தீர்க்கக்கூடும், உயிரையும் எடுக்கக்கூடும். எலியின் நடத்தையில் இது தெளிவாகத் தெரிகிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. நஞ்சு உள்ளே போனால் வெளியேற்ற வழியில்லை. அதனால் புதிய உணவைக் கண்டால் முதலில் தயங்கும், பிறகு மிகச் சிறிதளவே கொறித்துப் பார்க்கும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் சுவையை மறுபடி தொடாது. 1950களிலும் 60களிலும் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா செய்த ஆய்வுகள், சுவைத்துச் சில மணி நேரம் கழித்துக் குமட்டல் வந்தாலும் எலி அந்தச் சுவையையே அதற்குக் காரணமாக இணைத்துக்கொள்கிறது என்று காட்டின. எலிக்கு வைக்கும் மருந்துகளில் பல, தின்று பல நாட்கள் கழித்தே வேலைசெய்யும்படி அமைந்திருப்பது இந்த எச்சரிக்கையைத் தாண்டத்தான்.

குரங்குக் குட்டி இதைப் பெரும்பாலும் மற்றக் குரங்குகளிடமிருந்து கற்கிறது. தாயோ மூத்த குரங்கோ எதையாவது மென்றுகொண்டிருந்தால், குட்டி தன் மூக்கை அதன் வாயருகே கொண்டுபோய் முகர்வதைக் காணலாம். எது உணவு என்ற பாடம் அப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. ஒரு தாய்க்குரங்கு சாலையோரத்தில் மனிதர் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்றால், அதன் குட்டி மனிதரின் கையையும் பிளாஸ்டிக் பையையும் உணவின் அடையாளமாகக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பையில் பாடப்புத்தகம் இருந்தாலும் குரங்கு அதைப் பறிப்பதைக் கண்டு குறும்பு என்கிறோம். அதற்கு அது குறும்பு அன்று. பழம் பழுத்திருக்கும் மரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அதே திறமைதான் இங்கே வேறு பொருளின்மேல் பாய்கிறது.

ரொட்டியால் வரும் கேடு இங்கேதான் முதலில் இருக்கிறது. ரொட்டியும் பிஸ்கட்டும் குரங்குக்குச் செரிக்கவே செரிக்கும், செரிப்பதனால்தான் தொல்லை. நாள் முழுவதும் காட்டில் அலைந்து திரட்டும் மாவுச்சத்து சில நிமிடங்களில் வயிற்றுக்குள் போய்விடுகிறது, ஆனால் பழத்திலும் தளிரிலும் பூச்சியிலும் கலந்து வரும் நாரும் புரதமும் வைட்டமின்களும் வருவதில்லை. நம்மைப் போலவே குரங்காலும் வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் உருவாக்க முடியாது. உணவிலிருந்து பெற்றாக வேண்டும். வயிறு நிரம்பிய குரங்கு காட்டுக்குள் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு சாலையோரத்தில் காத்திருக்கிறது, வண்டியில் அடிபடுகிறது, விதைகளும் பரவாமல் போகின்றன.

காட்டுப்பன்றியில் இந்த விளைவு இன்னும் பெரிய அளவில் தெரிகிறது. மலேசியாவின் பாசோ காட்டைச் சுற்றி எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் எழுந்த பிறகு, அங்கே கொட்டும் பழங்களைத் தின்று பன்றிகள் மிகப் பெருகின. குட்டி ஈனும் பன்றி இளமரங்களை ஒடித்துக் குவித்துக் கூடு அமைப்பது வழக்கம். ஒரு கூட்டுக்கே நூற்றுக்கணக்கான இளஞ்செடிகள் போகும். தோட்டத்தில் தின்ற உணவின் விலையைக் காடு கொடுத்தது. சிங்கப்பூரில் கடைசிப் புலி 1930ல் சுடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வளர்ந்த பன்றியை அடக்கும் வேட்டை விலங்கு இங்கே ஏறத்தாழ இல்லை என்று சொல்லலாம். ஆகவே அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பிடுவது பெரும்பாலும் உணவுதான், அந்த வரம்பை உடைப்பவர்கள் நாமே. 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கலாம். சட்டத்தைக் காட்டி மகனை அச்சுறுத்துவதைவிடக் குட்டி தாயின் வாயை முகரும் காட்சியை ஒருமுறை காட்டுங்கள் என்பேன். சிறுவர்களுக்கு அது உடனே விளங்கிவிடும். வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை: குப்பையை மூடி வையுங்கள், சாப்பாட்டு மேசையில் பழத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைக்காதீர்கள், காட்டோரம் நடக்கும்போது பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் தோள்பை கொண்டுபோங்கள்.

காகத்தைப் பற்றிச் சொல்லும்போது மாமியாரின் மனம் நோகாதபடி சொல்ல விரும்புகிறேன். நாம் இங்கே பார்க்கும் வீட்டுக்காகம் இம்மண்ணுக்கு உரியது அன்று; காபித் தோட்டப் புழுக்களை ஒழிக்கவென்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காகங்கள் பெருகிப் பரவின. அவற்றைத் தொடர்ந்து, காகக் கூட்டில் முட்டையிடும் குயிலும் இங்கே பெருகிவிட்டது. அமாவாசையன்று வைக்கும் ஒரு பிடிச் சோற்றால் காகத்தின் உடம்புக்குக் கேடு ஒன்றும் வந்துவிடாது. அது வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதற்கு வேறிடம் தேடும். ஆனால் தாழ்வாரத்தில் எஞ்சும் சோறு மைனாவுக்கும் புறாவுக்கும், இரவில் எலிக்கும் போகிறது. காகம் உணவு கிடைக்கும் இடத்தருகே கூடு கட்டி, குஞ்சு பொரித்த காலத்தில் கீழே நடப்பவர்களின் தலையைத் தட்டுகிறது. மேலே சொன்ன சட்டமும் காகத்துக்குப் பொருந்தும். படையலை வீட்டுக்குள் வைத்து வணங்கிவிட்டு, காகத்தின் பங்கை யாருக்காவது அன்னமாகக் கொடுப்பதை அவர் ஏற்பாரா என்று கேட்டுப் பாருங்கள். தேவையென்றால் கோயில் குருக்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இனிப் பூனை. இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை: பூனையைச் சைவத்துக்கு மாற்றாதீர்கள். நாயையும் பூனையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்த நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு உள்ளதைவிடப் பல படிகள் கூடுதலாக இருப்பது 2013ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. நாய் ஓரளவுக்கு அனைத்துண்ணியாகிவிட்டது. பூனைக்கு அத்தகைய மாற்றம் நேரவில்லை. இனிப்பை உணரும் மரபணுவே அதற்குச் செயலிழந்து போயிருக்கிறது. காரட்டிலும் கீரையிலும் உள்ள நிறமிப் பொருளிலிருந்து நாம் வைட்டமின் ஏ உருவாக்கிக்கொள்கிறோம், பூனையால் அது முடியாது. டாரின் என்னும் சத்தையும் தேவையான அளவில் அதன் உடம்பு உருவாக்குவதில்லை. விலங்கு உணவிலிருந்தே அது கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்குகிறது என்பது 1987ல் உறுதியானது. அதன் பிறகே பூனை உணவுகளில் அது கூடுதலாகச் சேர்க்கப்படலாயிற்று.

நீங்கள் வீட்டில் இறைச்சி சமைக்க வேண்டிய தேவை இல்லை. பூனைகளுக்கான முழுமையான உணவு என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் டின் உணவையோ உலர் உணவையோ வாங்கி, அதற்கென்று ஒரு தனித் தட்டும் கரண்டியும் ஒதுக்கிவிட்டால் போதும். சைவக் குடும்பங்கள் பல இப்படித்தான் செய்கின்றன. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும். இதற்கிடையில் அதற்குத் தயிர்சோறும் கீரையும் மட்டுமே கொடுத்துவந்திருந்தால் தாமதிக்காமல் விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள். டாரின் குறைபாடு வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். இதயத் தளர்ச்சியை வேளையோடு கண்டுபிடித்தால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு, ஆனால் இதே குறைபாட்டால் விழித்திரை பழுதடைந்துவிட்டால் பார்வை திரும்பாது.